ஸ்பீக்கருக்குக் கீழே வைத்த கல்

போன மாதம் ஸ்பீக்கர் விற்கும் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும், நம் வயதில் காது மந்தமாகத் தொடங்கிய பிறகுதான் நல்ல சத்தத்தில் ஆசை வருகிறது. கடைக்காரப் பெடியன் இடுப்பளவு உயர ஸ்பீக்கர் இரண்டைக் காட்டினான். இரண்டுக்கும் கீழே கறுப்புக் கிரனைற் பலகை, முகம் தெரியும் அளவுக்கு மினுக்கி வைத்திருந்தார்கள். “கல்லுக்கு மேலே வைத்தால் நிலம் அதிராது, அடிச்சத்தம் துப்புரவாக வரும். இப்போது இதுதான் புதுசு” என்று ஜெர்மன் மொழியில் விளக்கினான். நான் சிரித்துவிட்டேன். விலையைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்திருப்பான். பிறகு அவன் அடுத்த ஆளைக் கவனிக்கப் போன நேரம், குனிந்து, சின்ன ரப்பர் கால்களில் நின்ற அந்தக் கல்லின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டுக்குக் கல் வந்தபோது எனக்குப் பத்து வயது. டோர்ட்மண்டின் வடக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு. அந்தக் காலத்து நம் வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குளிர்ச்சட்டையெல்லாம் மிளகாய் பொரித்த மணம், ஜன்னல் கண்ணாடியில் ஈரம், சாமிப்படத்துக்குப் பக்கத்திலேயே அகதி வழக்குக் கடிதங்கள் அடுக்கிய கோப்பு. நிலம் பலகை நிலம். ஒருவர் நடந்தால் அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கும். நான் களவாகச் சீனி எடுக்கப் போனால் அம்மாவுக்குக் கட்டிலில் படுத்திருந்தபடியே தெரிந்துவிடும்.

அந்த வீட்டுக்கு ஸ்பீக்கர்கள் தெருவிலிருந்துதான் வந்தன. சனம் வேண்டாத தளபாடங்களைத் தெருவோரத்தில் எடுத்து வைக்கும் நாள் நம் ஆட்களுக்குத் தேர்த்திருவிழா மாதிரி. அப்பாவும் மீசை அங்கிளும் சாயங்காலமே ஒரு தள்ளுவண்டியோடு புறப்பட்டுவிடுவார்கள். மீசை அங்கிள் அப்பாவோடு அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர். அப்பா அவரை அண்ணை என்பார். அவர் வீட்டில்தான் தொலைபேசி இருந்தது, ஊர்ச்செய்தியெல்லாம் முதலில் அங்கேதான் வந்து இறங்கும். ஒரு நாள் இரண்டு பேருமாக மரநிறப் பெட்டிகள் இரண்டைத் தூக்கிவந்தார்கள். ஒன்றின் துணி பூனை பிறாண்டிக் கிழிந்திருந்தது. அம்மா பழைய சேலைத் துண்டு ஒன்றை வெட்டி அதற்குத் தைத்துப் போட்டார்.

பாட்டுக் கேட்கத்தான் அந்த ஸ்பீக்கர் என்று நினைக்காதீர்கள். மாமாவின் குரலைக் கேட்கத்தான்.

மாமா அம்மாவின் தம்பி. ஊரில் அம்மாவுக்கு மிச்சமாக இருந்தவர் அவர் ஒருவர்தான். கடிதம் எழுதப் பஞ்சிப்படும் சோம்பேறி, ஆனால் வாய் ஓயாது. ஆகவே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கசற்றில் பேசி அனுப்புவார். கொழும்புக்கு வந்து, லண்டனோ பாரிஸோ போகிற யாருடையதோ பெட்டிக்குள் சேலை மடிப்பில் கிடந்து, கடைசியில் எங்களிடம் வந்து சேரும். வந்த அன்று சோற்றுப் பானையை இறக்கிவிட்டு எல்லோரும் நிலத்தில் உட்கார்ந்துவிடுவோம். மாமா சொல்லும் கதை அப்பாவுக்கும் எனக்கும். அதற்குப் பின்னால் கேட்பதுதான் அம்மாவுக்கு. “உது பக்கத்து வீட்டுப் படலை, இன்னும் எண்ணெய் போடேல்லை” என்பார். “உது எங்கடை செவலைப் பசு. கண்டு போட்டிட்டுது போல.” நாங்கள் காதைத் தீட்டினாலும் ஒன்றும் பிடிபடாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்த வளவுக்குள் நடந்துகொண்டிருப்பார்.

ஆனால் பலகை நிலத்தில் ஸ்பீக்கரை வைத்தால் மாமா பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு கதைப்பது போலிருக்கும். அடிச்சத்தம் வந்தால் நிலம் முழுக்க உறுமும். கீழ்வீட்டில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர் இருந்தார். அவர் விளக்குமாற்றுக் கட்டையால் தன் முகட்டில் மூன்று தரம் இடிப்பார். அம்மா எரிச்சலோடு, “என்ரை தம்பி கதைக்கிறானோ இடி இடிக்குதோ எண்டு தெரியேல்லை” என்பார். அந்தப் பேச்சு அப்பாவைச் சுட்டது.

அந்தக் கோடை விடுமுறையில் வந்த கசற்றில் மாமா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “அக்கா, இப்ப மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் வாறேல்லை. மிசினுக்குக் கிறீஸ் பூசி, சாக்காலை சுத்தி, மாட்டுக் கொட்டிலுக்குள்ளை படுக்க வைச்சிட்டன். திரும்பவும் துலாதான். நான் துலா மிதிக்கிறதை நீ பாத்தா வயிறு நோகச் சிரிப்பாய்.” மிசின் என்றால் தோட்டக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம். துலா என்பது ஏற்றம், ஆள் ஏறி நடந்து மிதிக்க வேண்டும். ஏணியில் ஏறினாலே தலைசுற்றும் தன் தம்பி துலாவில் நிற்பதை நினைத்து அம்மா சிரித்தார், பிறகு அழுதார். அதுதான் மாமா அனுப்பிய கடைசிக் கசற்.

அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. இரண்டாவது தடவை, அம்மாவின் தகப்பன் இறந்த செய்தி இரண்டு மாதம் பிந்தி வந்து சேர்ந்த அதே கிழமையில் அது நடந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று டொக்டர் அம்மா படித்துப் படித்துச் சொன்னார். அப்பா நம்பவில்லை. சாவுச் செய்திதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்பது அவர் தலைக்குள் ஆணி அடித்தது போல நின்றுவிட்டது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஆணிதான் காரணம்.

அப்பா வேலை செய்தது கல்லறைக் கல் வெட்டும் பட்டறையில். அம்மாவிடம் “கல்லு வேலை” என்று மட்டும் சொல்லியிருந்தார். மாடிப்படிக்கும் குசினிக்கும் கல் அறுக்கிறார் என்று அம்மா நினைத்திருப்பதாக அவர் நினைத்திருந்தார். வேலையால் வந்ததும் நேரே குளியலறைக்குள் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வெளியே வருவார். கல்தூசிக்கு என்பார். சுடலைக்குப் போய்வந்தவர் முழுகுவது போலத்தான் அது இருந்தது.

முதலாளி ஒரு ஜெர்மன்காரர், வாத்தியம் வாசிக்கிறவர். ஸ்பீக்கர் உறுமும் கதையை அப்பா அவரிடம் சொல்ல, “பெட்டிக்குக் கீழே கல்லைப் போடு, நிலம் வாயை மூடும்” என்றாராம். கல்லுக்கா பஞ்சம்? இந்த நாட்டில் சுடலை நிலமும் வாடகைக்குத்தான். சொந்தக்காரர் புதுப்பிக்காமல் விட்டால் கல்லைப் பிடுங்கிப் பட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். பின்பக்கம் அப்படிப்பட்ட கற்கள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். அதில் நல்ல கறுப்புக் கல் ஒன்றை அப்பா நடுவால் இரண்டாக அறுத்தார்.

அம்மாவுக்கு டொக்டரிடம் தவணை இருந்த நாள் பார்த்துத்தான் கல் வந்தது. சாம்பல் நிறப் போர்வையால் சுற்றி, அப்பா ஒரு தலைப்பிலும் மீசை அங்கிள் மறுதலைப்பிலும் பிடித்து, படிப்படியாக மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள். நான் முன்னால் கதவு திறக்கப் போனேன். இரண்டாம் மாடியில் கீழ்வீட்டுக் கிழவர் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். போர்வை ஒரு பக்கம் விலகி, மினுக்கிய கறுப்பு கொஞ்சம் வெளியே தெரிந்தது. கிழவர் அதைப் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவர்கள் ஏறிப்போகும் வரை அப்படியே நின்றார்.

ஏன் தொப்பியைக் கழற்றினார் என்று மேலே வந்ததும்தான் தெரிந்தது. அப்பா கற்களை நிறுத்திப் போர்வையை இழுத்தார். அடிப்பக்கத்தில் எழுத்து வெட்டியிருந்தது. பொன்நிறம் பாதி உரிந்து, எழுத்துக் குழிகளுக்குள் பாசி பிடித்திருந்தது. ஒரு பெயரின் முன்பாதி ஒரு கல்லில், பின்பாதி மற்றக் கல்லில். இடது கல்லில் ஒரு நட்சத்திரமும் பிறந்த திகதியும். வலது கல்லில் ஒரு சிலுவையும் இன்னொரு திகதியும். எனக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியும் என்பதை அப்பா மறந்துவிட்டார் போல. என் முகத்தைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

“அம்மாட்டைச் சொல்லிப்போடாதை, குஞ்சு. கல்லு கல்லுதான். அதுக்கு என்ன தெரியும்?”

“அண்ணை, இது சரியோ? வீட்டிலை பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறா” என்று மீசை அங்கிள் மெல்லச் சொன்னார்.

“எழுத்து கீழை போகுது, ஆருக்குத் தெரியப்போகுது? நீங்கள் ஒருக்கா அந்தப் பக்கம் பிடியுங்கோ.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அண்ணை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கற்கள் இரண்டும் எழுத்து கீழேயாக நிலத்தில் படுத்தன. பலகை ஒருமுறை முனகியது, பிறகு அடங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த மூலையில் நடந்தால் கோப்பைகள் கிணுகிணுக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டு எழும்ப மறுப்பது போலிருந்தது. பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அந்தப் பக்கம் பார்க்காமல் கழற்றப் பழகினேன்.

ஆனால் சத்தம்? உண்மையைச் சொல்ல வேண்டும். சத்தம் அற்புதமாகிவிட்டது. உறுமல் எங்கே போனதென்று தெரியவில்லை. கீழ்வீட்டுக் கிழவர் அதற்குப் பிறகு ஒருநாளும் இடிக்கவில்லை. “இதென்ன புதுமை? எங்கை இருந்து கல்லு?” என்று அம்மா கேட்டார். “குசினிக்கு அறுத்த கல்லிலை மிஞ்சினது” என்றார் அப்பா. அம்மா கல்லைக் காலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏனோ குனிந்து, தொட்ட இடத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாம் புத்தகத்தில் கால் பட்டால் செய்வோமே, அதுபோல.

அது ஐப்பசி. கார்த்திகையில், ஜெர்மன்காரர் சுடலைகளில் சிவப்பு மெழுகுதிரிகள் கொளுத்தி வைக்கும் நாட்களில், அம்மா என்னை உருளைக்கிழங்கு எடுத்துவரக் கீழே அனுப்பினார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலவறையில் மரச்சட்டம் அடித்த ஒரு தடுப்பு இருக்கும். எங்கள் தடுப்பில் விளக்கு எரிந்தது. மீசை அங்கிளின் குரல் கேட்டது.

“உங்கடை மச்சான் தோட்டத்துக்கைதானாம். தண்ணி கட்டிக்கொண்டு நிண்டிருக்கிறான். செல் குண்டு விழுந்து அந்த இடத்திலேயே… அடுத்த நாளே எரிச்சுப்போட்டினமாம்.”

அப்பாவிடமிருந்து வந்த சத்தத்தை அதுவரை நான் கேட்டதில்லை. இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“அவளுக்கு இப்ப ஆறு மாசம், அண்ணை.”

“தெரியும். அதுதான் உங்களைக் கீழை கூப்பிட்டனான்.”

“போனமுறை அவளின்ரை ஐயா செத்த செய்தியோடை பிள்ளை போச்சுது. இந்தமுறை போனா அவளும் இருக்கமாட்டாள். பிள்ளை பிறக்கட்டும். பிறந்து துடக்குக் கழியட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது.”

அவர்கள் திரும்பியபோது நான் கையில் வெறும் பையோடு நின்றேன். அப்பா என் தோளைப் பிடித்தார். பிடித்த இடம் நொந்தது. “கேட்டனியோ?” என்றார். தலையாட்டினேன். “உன்ரை தம்பியோ தங்கச்சியோ உயிரோடை வாறது இப்ப உன்ரை வாயிலைதான் இருக்கு. விளங்குதோ?” பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? இன்று நினைத்தால் அப்பாவைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கும். அன்றோ நான் உருளைக்கிழங்கை எண்ணி எண்ணிப் பைக்குள் போட்டேன், பிழையாக எண்ணினால் பிள்ளை செத்துவிடும் என்பது போல.

மாமாவைக் கொன்றது செல் இல்லை என்று எனக்குத் தெரியும். சிலுவை போட்ட கல்லை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தோம், ஒரு மாதத்துக்குள் ஆள் போய்விட்டார். ஒருநாள் அப்பாவிடம் கெஞ்சினேன். “கல்லைத் திருப்பிக் கொண்டுபோங்கோ அப்பா. பிள்ளைக்கும் ஏதும் செய்யும்.” அப்பா கொஞ்ச நேரம் அந்த மூலையையே பார்த்தார். அவருக்கும் அந்த எண்ணம் வந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “இப்ப எடுத்தா அம்மா ஏனெண்டு கேப்பா” என்றார். கல் அங்கேயே கிடந்தது.

அம்மா கேட்கத் தொடங்கினார். “தம்பியிட்டை இருந்து ஒண்டும் வரேல்லையே. கனநாளாச்சு.” சாப்பாடு குறைந்தது. கால் வீங்கியது. இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று டொக்டர் அம்மா எச்சரித்தார். அப்பா பயந்து, நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார்.

இரண்டு வருடத்துக்கு முந்திய கசற் ஒன்று அவரிடம் இருந்தது. தகப்பன் இறந்தபின், அம்மா பிள்ளைத்தாய்ச்சி என்ற நினைப்போடு மாமா பேசி அனுப்பியது, அம்மா ஆஸ்பத்திரியில் பிள்ளையை இழந்து கிடந்த கிழமையில் வந்து சேர்ந்தது. கேட்டால் தாங்கமாட்டார் என்று அப்பா அதை ஒளித்துவிட்டார். அம்மா கேட்டிராத ஒரே கசற் அது. மீசை அங்கிளின் இரட்டைக் கசற் ரேடியோவை நிலவறைக்குக் கொண்டுபோய், இறந்தவர் பற்றிய பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, மிச்சத்தை வேறு கசற்றில் பதிந்தார்கள். நான் நிலவறைப் படியில் இருந்து கேட்டேன். அம்மா வந்தால் இருமுவதற்காக என்னை அங்கே இருத்தியிருந்தார்கள்.

செத்துப்போன மாமா கீழே கதைத்துக்கொண்டிருந்தார். “ஐயாவின்ரை அந்தியேட்டியை ஒரு குறையும் இல்லாமல் செய்தனாங்கள் அக்கா. முப்பத்தோராம் நாள் அவருக்கு விருப்பமான கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, பயத்தம் பணியாரம் எல்லாம் படைச்சு…” டக் என்று நின்றது. பின்னால் சுற்றியது. “அக்கா…” டக். “அக்கா…” டக். எந்த இடத்தில் தொடங்குவது என்று பார்க்கிறார்கள். ஈரச் சுவருக்குள்ளிருந்து அந்த ஒரு சொல்லே திரும்பத் திரும்ப வந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். இருமுவதற்கு இருத்தப்பட்டவள் காதைப் பொத்தக் கூடாது என்று நினைவு வந்து கையை எடுத்தேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கசற் “வந்தது”. லண்டனால் வந்த ஒருவர் கொடுத்துவிட்டார் என்று மீசை அங்கிள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அம்மா சோபாவில் காலை நீட்டி உட்கார, அப்பா கசற்றைப் போட்டார்.

“அக்கா, நான் நல்ல சுகம். நீ உடம்பைக் கவனமாப் பாத்துக்கொள். பிள்ளைக்குப் பேர் வைக்க அவசரப்படாதை, நான் ஒரு பேர் யோசிச்சு வைச்சிருக்கிறன்…”

குரல் அறைக்குள் ஆள் வந்து நிற்பது போல இருந்தது. ஸ்பீக்கரின் தைத்த துணி மூச்சு விடுவது தெரிந்தது. குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஆழத்திலிருந்து ஒரு சத்தம். டுக்… டுக்… டுக்… டுக். முந்திய நிலமாக இருந்தால் அது உறுமலாகிப் பலகைக்குள் ஒளிந்திருக்கும். கல்லுக்கு மேலே ஒவ்வொரு இடியும் தனித்தனியாக வந்தது. அப்பா பட்டினத்துக் கடைத்தெருவில் வளர்ந்தவர், அவருக்கு அது வெறும் இரைச்சல். நிலவறை ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில் அது கேட்டிருக்கவே இல்லை.

அம்மாவின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. அழவில்லை. கண்ணை மூடவும் இல்லை.

“இது எப்ப கதைச்சதாம்?”

“போன மாசமாம்” என்றார் அப்பா.

“ஓம்” என்றார் அம்மா. பிறகு, “ஒருக்காத் திருப்பிப் போடுங்கோ.”

இரண்டாவது தடவை அம்மா சோபாவிலிருந்து இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தார். வலது ஸ்பீக்கருக்குக் கீழே கல்லின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது போல அந்தக் கை அங்கேயே இருந்தது. கசற் முடிந்து இரையும் வரை எடுக்கவில்லை.

“வடிவாக் கேக்குது. கல்லு வைச்சது நல்லதாப் போச்சு.”

அப்பா ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். மீசை அங்கிளோடு படியிறங்கும்போது அவர் முதுகில் தட்டினார். காரியம் வெற்றி.

அதற்குப் பிறகு வீட்டில் சின்னச் சின்ன விஷயங்கள் மாறின. சாமிப்படத்துக்கு அம்மா விளக்கு வைப்பதை நிறுத்திவிட்டார். புகை பிள்ளைக்குக் கூடாதாம் என்றார். வலது கல்லின் மேல் தினமும் ஒரு கிளாஸ் தண்ணீர் இருந்தது. இறைச்சி, மீன் ஒன்றும் சமைக்கவில்லை. வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருது என்றார். காலையில் கண் வீங்கியிருக்கும், நித்திரை இல்லை என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, அப்பா ஒவ்வொன்றையும் நம்பினார். நான் மட்டும் அந்தத் தண்ணீர்க் கிளாஸைச் சுற்றி விலகி நடந்தேன். அது சிலுவைக் கல் என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரியாமல் ஏன் அதையே தேடி வைக்கிறார்?

ஒருநாள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “பிள்ளை, உனக்கு ஏதும்…” என்று தொடங்கினார். நான் வெங்காயச் சருகைப் பொறுக்கத் தொடங்கினேன். “இல்லை, ஒண்டுமில்லை. நீ போய் வீட்டுப்பாடத்தைச் செய்” என்று சொல்லி மறுபடி கத்தியை எடுத்தார். நான் தப்பினேன் என்று ஓடிவிட்டேன்.

தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் முந்தி, சாதாரண வேலைநாள் ஒன்றில், பள்ளிக்கூடத்தால் வந்தபோது படியிலேயே கறி மணத்தது. அம்மா வீங்கிய காலோடு நின்று விடியத் தொடங்கியதிலிருந்து சமைத்திருக்கிறார். முருங்கைக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, வடை, பாயசம். ஒரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்து, வலது கல்லின் மேல் ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்திருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு இளம் வெற்றிலை.

அப்பா வேலையால் வந்து முழுகிவிட்டு வந்து மலைத்துப்போனார். “இண்டைக்கு என்ன விசேசம்?”

“ஒண்டுமில்லை. தம்பிக்கு விருப்பமானதுகளைச் சமைக்கவேணும் போல இருந்தது. அவன்ரை குரல் உதுக்குள்ளாலைதானே வருது. அதுதான் அவனுக்கும் ஒரு தட்டு.”

அப்பாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பிள்ளைத்தாய்ச்சியின் ஆசை என்று நினைத்திருப்பார். உட்கார்ந்து சாப்பிட்டார். “கனநாளைக்குப் பிறகு உம்மடை கைமணம் திரும்பி வந்திட்டுது” என்று இரண்டாம் தரமும் சோறு போட்டு வாங்கினார். அம்மா பக்கத்தில் நின்று பரிமாறினார், உட்காரவில்லை. எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டுபோய், பாணில் ஜாம் பூசிக் கொண்டுவந்து தந்தார்.

மாசியில் தம்பி பிறந்தான். அழுகையில் கட்டிடம் அதிரும். கீழ்வீட்டுக் கிழவர் ஒரு கம்பளித் தொப்பி கொண்டுவந்து கொடுத்தார். முப்பத்தொரு நாள் துடக்குத் தீட்டுக் கழிந்த மறுநாள் மீசை அங்கிள் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மா தம்பியை மடியில் வைத்திருந்தார். அப்பா தொண்டையைச் செருமினார்.

“இஞ்சேரும்… ஒரு விசயம்… மனதைத் திடமா வைச்சுக்கொண்டு…”

“தம்பி செத்தது தானே” என்றார் அம்மா.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை! நான் இல்லை, நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

“அவளைப் பாக்காதையுங்கோ. மிசின் ஓடினது. நீங்கள் போட்ட கசற்றிலை எங்கடை மிசின் ஓடினது. எண்ணெய் இல்லை, சாக்காலை சுத்தி வைச்சிட்டன் எண்டு அவன் சொன்னதைக் கேட்டனான் தானே? பிறகு போன மாசம் எப்பிடி ஓடும்? உயிரோடை இருக்கிறவன்ரை பழைய கசற்றை ஆர் புதுசெண்டு கொண்டந்து போடுவினம்?”

“அண்டைக்கே தெரியுமோ?” என்றார் அப்பா. “ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் ஏன் சொல்லேல்லை? நான் தெரிஞ்சதைக் காட்டினா நீங்கள் பயந்து செத்திடுவியள். நீங்கள் பயந்தா எனக்குப் பயம் வந்திடும். எனக்கு இவன் வேணும்.” தம்பியின் தலையை அம்மா கையால் மூடினார். “செத்த நாள் தெரியாது. தெரிஞ்ச நாளிலை இருந்து எண்ணினன். முப்பத்தொண்டையும் குடுத்திட்டன். நீங்கள் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டனீங்கள்.”

அப்பா எழும்பிக் குளியலறைக்குள் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கனநேரம் கேட்டது. மீசை அங்கிள் தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார். அடுத்த நாள் கற்களைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறேன் என்று அப்பா சொன்னபோது அம்மா மறித்தார். “அது என்ன கல்லெண்டு எனக்கு முதல் நாளே தெரியும். நீங்கள் எங்கை வேலை செய்யிறியள் எண்டும் தெரியும். கிடக்கட்டும். அங்கை அவனுக்கு ஆர் கல்லு வைச்சது?”

அந்த ஸ்பீக்கர்கள் எப்போதோ தெருவுக்கே திரும்பிப் போய்விட்டன. அப்பாவும் போய்விட்டார். அம்மா இப்போது தம்பியோடு ஹனோவரில் இருக்கிறார். வலது கல் அவர் பல்கனியில் கிடக்கிறது, அதன் மேல் ஒரு துளசிச் சாடி. தம்பிக்கு அது வெறும் சாடிக்கல். கலியாணம் செய்துபோனவள் தம்பிக்கு முப்பத்தொரு நாள் காக்கத் தேவையில்லை என்று சாத்திரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அது அம்மாவுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும்.

கடைக்குப் போய்வந்த அந்தக் கிழமை அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த வெங்காயம் உரித்த நாளைப் பற்றி இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். “என்னட்டை ஏதோ கேக்க வந்து ஏன் விட்டனீங்கள்?”

அம்மா துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சொன்னார். “அவர் பொய் சொன்னவர், மீசை அண்ணை பொய் சொன்னவர். நீயும் என்ரை முகத்தைப் பாத்துப் பொய் சொல்லியிருந்தா, அந்த வீட்டிலை எனக்கெண்டு ஒருத்தரும் இல்லாமல் போயிருக்கும். நீ பொய் சொல்லமாட்டாய் எண்டு தெரியும். எண்டாலும் எதுக்குக் கேட்டுப் பாக்கவேணும் எண்டு விட்டிட்டன்.”

நான் கல்லில் வழிந்த தண்ணீரைத் துடைத்தேன். கேட்டிருந்தால் நான் பொய்தான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு வாய்க்குள் அதைத் தயாராக வைத்துக்கொண்டுதான் நின்றேன். அதை நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.